எட்டுப் புள்ளி சுழி ஐந்து

கலாலித் துறையிலிருந்து வடக்கே
படகில் நாற்பது நிமிடம்.
இங்கே ஹைர் என்கிறார்கள், நாம் பார் என்போம்:
சிப்பிகள் குடியிருக்கும் கடலடித் திட்டு.
ஈசா கயிற்றை இறக்குகிறார்.
ஒன்பது மீட்டரில் வாயடைத்துக்கொண்டு
மேலே வருகிறது கடல், அரை லிட்டர்.

அதில் இரண்டு சொட்டு பாதரசக் குளோரைடு
விடுவது என் வேலை.
குப்பிக்குள் எதுவும் மூச்சுவிடக் கூடாது,
மூச்சுவிட்டால் எண் மாறிவிடும்.
கடலைக் கடலாகவே கரை சேர்க்க
அதிலுள்ள உயிரை முதலில் கொல்ல வேண்டும்.
கரூர்க்காரிக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.
கையேட்டில் பதினாறாம் பக்கத்தில் இருந்தது.

முஹர்ரக் ஆய்வகத்தில்
சாயம் ஊற்றியதும் நீர் ஊதாவாகும்.
அந்த ஊதாவிலிருந்து ஒரு எண்.
சட்ட முன்வரைவின் ஏழாம் பிரிவுக்கு அது வேண்டுமாம்:
கடல் இதற்குக் கீழே இறங்கலாகாது.
கடலுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பார், என்று சிரித்தார் ஈசா.
கடலுக்கில்லை,
குழாய் வைத்திருப்பவருக்கும் புகைபோக்கி வைத்திருப்பவருக்கும், என்றேன்.
அவர் சிரிப்பதை நிறுத்தவில்லை.

குழுவில் ஒரு உறுப்பினர் கேட்டார்:
கடல் புளித்துவிட்டதா?
இல்லை, இன்னும் காரம்தான்.
பிறகென்ன?
புளிப்பின் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறது.
எவ்வளவு?
பழைய பதிவோடு பார்த்தால், புள்ளி ஒன்று.

அறை இளகியது.
பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு
புள்ளி ஒன்றா, என்றார் இன்னொருவர்.
மடக்கைக் கணக்கை அந்த மேசையில் எப்படி விரிப்பேன்?
பிறந்து ஒரு நாளான சிப்பி
மணலைவிடச் சிறிய பாக்குப் பிளவு.
அது ஓடு கட்டச் சுண்ணாம்பு தேடும் அதே மணிநேரத்தில்
இந்தப் புள்ளி ஒன்று
முன்னால் போய்ச் சுண்ணாம்பை எடுத்துவிடுகிறது.
இதைச் சொன்னேன். பாக்கை விட்டுவிட்டுச் சொன்னேன்.
குறித்துக்கொண்டார்கள்.

புதன் மாலை அச்சுப்படி வந்தது.
அரபியில் சுழிக்கு வட்டம் இல்லை,
ஒரு புள்ளிதான்.
யாரோ அதை மை சிந்தியதென்று நினைத்து
அழித்திருக்கிறார்கள்.
எட்டுப் புள்ளி ஐந்து.

அப்படியொரு கடல் இங்கே இல்லை.
சட்டம் அமலாகும் காலையில்
வளைகுடா முழுவதும் குற்றவாளி.
எல்லாக் குழாயும் குற்றவாளி என்றால்
எந்தக் குழாயும் இல்லை.

முனீரா, ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது.
தமயந்தி, ஞாயிறு அமர்வு. அச்சாகிவிட்டது.
ஒரு புள்ளிதானே?

என் மொழியில் புள்ளி வைத்தால்தான் மெய்
என்று சொல்ல வாயெடுத்து
அதற்கு அரபி தெரியாமல்,
அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது, என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, கறுப்புப் பேனா இருந்தால் எடுத்து வா, என்றாள்.

அறுபத்திரண்டு பிரதிகள்.
காற்புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவே
இடமே இல்லாத இடத்தில்
ஆளுக்கு முப்பத்தொன்று புள்ளி.
பதினொரு மணிக்கு விமானமொன்று தாழ்ந்து போனபோது
என் கை அசைந்து ஒன்று மட்டும் பெரிதாக விழுந்தது.
யாருக்கு அந்தப் பிரதி போனதோ.

ஞாயிறு: ஏழாம் பிரிவு
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வியாழன்: மறுபடி கயிறு, ஒன்பது மீட்டர்,
இரண்டு சொட்டு, ஊதா.
சுழிக்கு அடுத்து இந்த முறை நான்கு.
குப்பியைக் கழுவி இன்னொரு முறை பார்த்தேன்.
நான்குதான்.
ஈசாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.